மஞ்சாடியும் மாற்றும்

வீட்டில் ஒரு குண்டுமணித் தங்கம்கூட இல்லை என்று வறுமையைச் சொல்வதும், பத்தரை மாற்றுத் தங்கம் என்று ஒருவருடைய குணத்தைப் போற்றுவதும், ஆணிமுத்து என்று அரிய சொல்லைப் பாராட்டுவதும் தமிழில் இன்றும் வழக்கில் உள்ளன. இவற்றைச் சொல்வோரில் பெரும்பாலோர் குன்றிமணியைத் தராசில் இட்டு நிறுத்தவர் அல்லர். உரைகல்லில் பொன்னைத் தேய்த்துப் பார்த்தவரும் அல்லர். ஆயினும் இம்மூன்றும் ஒரு காலத்தில் கடைத்தெருவில் பயின்ற அளவைச் சொற்களே. முதலாவது எடையைக் குறித்தது. இரண்டாவது தூய்மையைக் குறித்தது. மூன்றாவது தரத்தைக் குறித்தது. அளவைகள் வழக்கொழிந்த பின்னும் சொற்கள் உவமையாகி உயிரோடு இருக்கின்றன.

பொன்னையும் மணியையும் அளப்பதில் எக்காலத்தும் இரண்டு கேள்விகள் எழுந்துள்ளன. எவ்வளவு என்பது ஒன்று; எத்தகையது என்பது மற்றொன்று. முன்னதற்குத் தராசும் பின்னதற்கு உரைகல்லும் விடை கூறின. ஆனால் இவ்விரண்டுக்கும் அடியில் மூன்றாவது கேள்வி ஒன்று இருந்தது. தராசையும் உரைகல்லையும் கையில் வைத்திருப்பவர் யார், அவர் சொல்லை எதைக்கொண்டு நம்புவது என்பதே அது. நெல்லை அளக்கும்போது ஒரு பிடி குறைந்தால் கண்ணுக்குத் தெரியும். பொன்னில் ஒரு குன்றி குறைந்தாலோ கால் மாற்றுத் தாழ்ந்தாலோ கண்ணுக்குத் தெரியாது. ஆனால் ஒரு குடும்பத்தின் சேமிப்பில் அது பெரிய இழப்பு. ஆகவே பொன் அளவையின் வரலாறு, நம்பிக்கையை எங்கே வைப்பது என்று மக்கள் தேடிய வரலாறாகவே அமைந்துவிட்டது.

விதையிலிருந்து எடை

தமிழகத்தின் பழைய நுண்ணெடைகள் விதைகளாகும். குன்றிமணி செந்நிறமும் கருங்கண்ணும் உடையது. ஒன்றின் எடை ஏறத்தாழ 0.12 கிராம். வடநாட்டில் இதையே ரத்தி, குஞ்சா என்பர். மஞ்சாடி முழுச் சிவப்பு, ஏறத்தாழ 0.26 கிராம். இரண்டு குன்றி ஒரு மஞ்சாடி, இருபது மஞ்சாடி ஒரு கழஞ்சு என்பது சோழர் காலக் கல்வெட்டுகளில் காணப்படும் வாய்பாடு. கழஞ்சு என்ற பெயரும் ஒரு கொடியின் விதையைக் குறிப்பதே. சாம்பல் நிறமும் வழவழப்பும் கொண்ட கழற்சிக்காய் அது. மகளிர் ஆடிய கழங்காட்டத்திலும், வேலன் குறிபார்த்த கழங்கிலும் இடம்பெற்ற அதே காய், வணிகர் கையில் எடைக்கல்லாயிற்று. இருபது மஞ்சாடி என்ற கணக்கின்படி ஒரு கழஞ்சு 5 கிராமுக்குச் சற்று மேல் வரும்.

சங்கப் பாடல்களிலேயே கழஞ்சு பொன்னின் எடையாக வழங்கியது. புறநானூற்றின் 11ஆம் பாடலில் பேய்மகள் இளவெயினி என்னும் பெண்பாற் புலவர், சேரமான் பாலைபாடிய பெருங்கடுங்கோவிடம் பாடினி பெற்ற அணியைக் கூறுமிடத்தில் அதன் எடையைக் கழஞ்சினாலேயே சுட்டுகிறார். பரிசிலின் பெருமையைச் சொல்லவந்த புலவருக்கு எடையும் பாட்டுக்கு உரிய பொருளாயிற்று. திருக்குறளில் மானம் என்னும் அதிகாரத்தில் மிகச் சிறிய அளவுக்குக் குன்றி உவமையாகிறது. தெரிந்துதெளிதல் அதிகாரத்தில் மனிதரின் பெருமை சிறுமைகளை அறியும் கருவியாகக் கட்டளைக்கல், அதாவது உரைகல், கூறப்படுகிறது. எடையும் மாற்றும் ஆகிய இரண்டும் வள்ளுவர் காலத்திலேயே அறத்தைப் பேசும் மொழியாக மாறிவிட்டன என்பது கருதத்தக்கது.

இலக்கணமும் இவற்றை விட்டுவைக்கவில்லை. அளவுப் பெயர்களும் நிறைப் பெயர்களும் க, ச, த, ப, ந, ம, வ, அ, உ என்னும் ஒன்பது எழுத்துகளை முதலாகக் கொண்டு வரும் என்று தொல்காப்பியம் எழுத்ததிகாரத்தில் விதி வகுக்கிறது. நிறைப் பெயர்களுக்கு உரையாசிரியர்கள் காட்டும் எடுத்துக்காட்டுகள் கழஞ்சு, சீரகம், தொடி, பலம், நிறை, மா, வரை, அந்தை என்பன. புணர்ச்சி விதி சொல்லும் இடத்தில் ஒரு கடைத்தெருவின் எடைகள் அனைத்தும் வரிசையாக வந்து நிற்கின்றன. எடைப் பெயர்கள் அன்றாடப் பேச்சில் எவ்வளவு பயின்றிருந்தால் இலக்கண ஆசிரியர் அவற்றுக்கெனத் தனி விதி வகுத்திருப்பார் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

ஊர்க்கல், அரசன் கல், இறைவன் கல்

விதை இயற்கையின் படைப்பு, எவருக்கும் சார்பில்லாதது. ஆனால் எல்லா விதைகளும் ஒரே எடையுள்ளவை அல்ல. முற்றியதும் முற்றாததும் உண்டு. காய்ந்ததும் ஈரமானதும் உண்டு. விற்பவன் பருத்ததைத் தேர்வதும் வாங்குபவன் சிறுத்ததைத் தேர்வதும் எளிது. எனவே விதையின் பெயரை வைத்துக்கொண்டு விதைக்குப் பதிலாகக் கல்லைப் பயன்படுத்தும் வழக்கம் வந்தது. அப்போது அந்தக் கல் யாருடையது என்ற வினா எழுந்தது.

கல்வெட்டுகள் இதற்குப் பல விடைகளைத் தருகின்றன. ஊர்க்கல் என்பது ஊரார் பொதுவில் வைத்திருந்த எடைக்கல். அந்தக் கல்லுக்கு ஒத்ததும் செம்மையானதுமான பொன்னை ஊர்க்கற்செம்மைப் பொன் என்று குறித்தனர். பல்லவர் காலத்தில் அரசனுடைய விருதுப் பெயரான விடேல்விடுகு என்பதே அளவைகளுக்கும் பெயராயிற்று. பொன்னின் தூய்மையைக் குறிக்கவும் தனிச்சொற்கள் இருந்தன. நெருப்பிலிட்டுச் சோதித்தது தீப்போக்குச் செம்பொன். துளையிட்டு உள்ளும் பார்த்தது துளைப்பொன். மேலே பொன்னும் உள்ளே செம்புமாக ஏமாற்றுவோர் இருந்தனர் என்பதை இவ்விரு சொற்களே காட்டிக்கொடுக்கின்றன. பொன்னைத் தீயிலும் இடாமல், துளையும் இடாமல் நம்பிவிட அக்காலத்தவர் ஆயத்தமாக இல்லை.

உரைகல்லும் முற்றிலும் ஏமாற்ற முடியாத கருவி அன்று. கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் பொன்னின் தூய்மையைப் பதினாறு வண்ணங்களாகப் பகுத்து, உரைகல்லில் செய்யப்படும் சூழ்ச்சிகளையும் கூறுகிறது. நகக்கண்ணில் காவிப்பொடியை ஒளித்துவைத்து உரையின்மேல் தூவி நிறத்தை ஏற்றிக் காட்டுவது அவற்றுள் ஒன்று. கல் பொய் சொல்லாது. கல்லைத் தொடும் விரல் பொய் சொல்லக்கூடும்.

உத்தரமேரூரின் மெழுகு

இந்த இடரை ஓர் ஊர் எவ்வாறு எதிர்கொண்டது என்பதற்கு உத்தரமேரூர் சான்று தருகிறது. முதலாம் பராந்தக சோழனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள் குடவோலைத் தேர்தலுக்காக அனைவராலும் பேசப்படுகின்றன. அவற்றில் ஆண்டு வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம் ஆகியவற்றோடு பொன் வாரியம் என்ற ஒன்றும் இருந்தது என்பதை எடுத்துச் சொல்வோர் குறைவு. பொன்னைப் பார்க்கும் பொறுப்பு, ஏரியைப் பார்க்கும் பொறுப்புக்கு நிகராக, ஊர்ச்சபையின் பொதுப் பொறுப்பாக இருந்தது.

அவ்வூரின் மற்றொரு கல்வெட்டு, பொன்னுரை காண்பவரை எவ்வாறு அமர்த்த வேண்டும் என்று கூறுகிறது. பொன்னின் தரம் அறிந்தவர்களின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு எடுக்க வேண்டும். அவர்கள் வேண்டியவர், வேண்டாதவர் என்று பாராமல் ஊராரின் பொன்னை உரைத்துத் தர வேண்டும். இவற்றுக்கெல்லாம் மேலாகக் கவனிக்கத்தக்கது மெழுகு பற்றிய விதி. பொன்னைக் கல்லில் உரைக்கும்போது சிறிது பொன் கல்லில் ஒட்டிக்கொள்ளும். அதை மெழுகுருண்டையால் ஒற்றி எடுப்பர். நூறு பேரின் பொன்னை உரைத்தால் மெழுகில் ஒரு சிறு தொகையே சேர்ந்துவிடும். அந்தப் பொன் யாருக்கு உரியது? உரைத்துப் பார்ப்பவர் அதை எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டால், அவர் அழுத்தி உரைப்பார். தேவைக்கு மேல் பலமுறை உரைப்பார். ஆகவே அந்த மெழுகை ஏரி வாரியத்தாரிடம் ஒப்படைக்க வேண்டும் என்று சபை முடிவு செய்தது. உரைப்பவருக்குக் கூலி தனியே உண்டு.

மிக நுட்பமான ஏற்பாடு இது. சோதனை செய்பவருக்குச் சோதனையில் ஆதாயம் இருக்கக் கூடாது என்ற நெறியை அந்தச் சபையார் கண்டறிந்திருந்தனர். ஊராரின் தாலியிலிருந்தும் தோட்டிலிருந்தும் கல்லில் உதிர்ந்த தூள், ஊராருக்கே நீர் தரும் ஏரிக்குச் சென்றது. பொன்னின் மாற்றுக்கு ஊரின் பொது நன்மையே பிணையாக நின்றது.

தஞ்சைக் கோயிலின் கணக்கு

அடுத்த நூற்றாண்டில் தஞ்சைப் பெரிய கோயிலில் இதே அக்கறை பேரளவில் வெளிப்படுகிறது. முதலாம் இராசராசன் தானும், தமக்கையும், தேவியரும், பிறரும் கொடுத்தவற்றையெல்லாம் கல்லில் வெட்டுவித்தான். தன்னுடைய 25ஆம் ஆட்சியாண்டின் 275ஆம் நாளில் விமானத்தின் உச்சியில் வைக்க அவன் அளித்த செப்புக்குடத்தின் எடை 3,083 பலம். அதன்மேல் போர்த்திய பொன்தகட்டின் எடை 2,926½ கழஞ்சு. பேரரசன் இறைவனுக்கு அளிக்கும் கொடையில் அரைக்கழஞ்சைக்கூட விடாமல் எழுதியிருப்பது வியப்புக்குரியது. தரையில் நிற்கும் எவரும் எட்டிப் பார்க்க முடியாத உயரத்திற்குச் செல்லும் பொன்னுக்கு, எவரும் படிக்கத்தக்க உயரத்தில் கணக்கு எழுதப்பட்டது.

அக்கோயிலில் பொன்னை நிறுக்க ஒரு கல்லும், மணிகளை நிறுக்க வேறொரு கல்லும் இருந்தன. பொன் நிறுத்த கல்லின் பெயர் ஆடவல்லான். மணி நிறுத்த கல்லின் பெயர் தட்சிணமேரு விடங்கன். இவை இரண்டும் அக்கோயிலில் எழுந்தருளியிருந்த இறைத் திருமேனிகளின் பெயர்கள். எடைக்கல்லுக்கு இறைவன் பெயரை இட்டதை வெறும் பக்தி என்று மட்டும் கொள்வதற்கில்லை. ஊர்க்கல்லுக்கு ஊரார் பொறுப்பு. அரசன் கல்லுக்கு அரசன் பொறுப்பு. அரசனே கொடையாளனாக வரும்போது அவனுக்கும் மேலான ஒருவர் பெயரில் கல் இருக்க வேண்டியதாயிற்று.

பொன்னின் தரம் தண்டவாணி என்னும் நிலைத்த அளவோடு ஒப்பிட்டு எழுதப்பட்டது. தண்டவாணிக்கு ஒத்தது என்றும், அதற்கு இத்தனை மாற்றுத் தாழ்ந்தது என்றும் கல்வெட்டுகள் குறிக்கின்றன. அரச குலத்தார் கொடுத்த பொன்னாயினும் தாழ்வைத் தாழ்வென்றே எழுதினர். அணிகலன்களை நிறுக்கும்போது சரடு, சட்டம், அரக்கு ஆகியவை எடையில் சேர்ந்தனவா, நீக்கப்பட்டனவா என்பதும் பதிவாயிற்று. இன்று நகைக்கடையில் கல்லின் எடையைக் கழித்தீர்களா என்று கேட்கும் பெண்ணின் கேள்வி ஆயிரம் ஆண்டுப் பழமையுடையது.

முத்துகளைப் பற்றிய பதிவு இன்னும் நுணுக்கமானது. வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து, கறடு, இரட்டை, சப்பத்தி, சக்கத்து, குளிர்ந்த நீர், சிவந்த நீர் என வடிவாலும் ஒளியாலும் அவை வகைப்படுத்தப்பட்டன. உருண்டையானது, ஒட்டிப் பிறந்தது, தட்டையானது, நீரோட்டம் வெளிறியது, நீரோட்டம் சிவந்தது என்று ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயர் இருந்தது. கணக்கெழுதியவர் கையில் இருந்தது ஒரு கவிஞனுக்கும் பயன்படும் சொல்வளம். சிலப்பதிகாரத்தின் ஊர்காண்காதையில் இளங்கோவடிகள் மதுரையின் மணிக்கடை வீதியைக் காட்டும்போது வயிரத்தின் குற்றங்களையும், சாதரூபம், கிளிச்சிறை, ஆடகம், சாம்பூநதம் எனப் பொன்னின் நால்வகையையும் அடுக்கிச் செல்வதும் இத்தகைய வணிக அறிவின் துணையால்தான்.

முத்தின் செவ்வு

மன்னார் வளைகுடாவின் முத்துச் சலாபங்களில் மஞ்சாடியும் கழஞ்சும் 19ஆம் நூற்றாண்டிலும் வழங்கின. ஈழத்தின் மேற்குக் கரையில் சலாபம் நடக்கும்போது முத்துகளை முதலில் பத்துப் பித்தளைத் தட்டுகளில் சலிப்பர். முதல் தட்டில் 20 துளைகள். பின்னர் 30, 50, 80, 100 என்று பெருகிப் பத்தாவது தட்டில் 1,000 துளைகள். எந்தத் தட்டில் முத்து தங்குகிறதோ அதுவே அதன் பரும அளவு. அதன்பின் வடிவும் ஒளியும் பார்த்து ஆணி முதல் தூள் வரை தரம் பிரிப்பர். ஆணி என்பது குறையற்ற உருண்டையும் குறையற்ற ஒளியும் கொண்ட முதல்தர முத்து. இறுதியாகப் பித்தளையாலான கழஞ்சுக் கல்லாலும் மஞ்சாடி விதையாலும் நிறுப்பர்.

எடை தெரிந்தபின்னும் விலை தெரிந்துவிடாது. பெரிய முத்து அரியது. ஆகவே எடை இருமடங்கானால் விலை இருமடங்காக அல்ல, நான்மடங்காக உயரும். இதைக் கணக்கிடச் செவ்வு என்னும் தனி அலகை முத்து வணிகர் வைத்திருந்தனர். எடையை அதே எடையால் பெருக்கி, முத்துகளின் எண்ணிக்கையால் வகுத்துப் பெறும் கணக்கு அது. செவ்வைத் தராசில் வைக்க முடியாது. எடையையும் அருமையையும் ஒன்றாக்கி மனத்தில் வைத்திருந்த அளவை அது. 17ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு வந்த பிரெஞ்சு வணிகர் தவெர்னியே வயிரத்துக்கும் இவ்வாறே எடையின் வர்க்கத்தைக்கொண்டு விலை காணும் முறையை எழுதிவைத்திருக்கிறார்.

ஆணி என்ற சொல் முத்துக்கும் பொன்னுக்கும் பொதுவாக நின்றது. மாற்றுத் தெரிந்த பொன்னை நுனியில் பொருத்திய சிறு கம்பிகளுக்கு உரையாணி என்று பெயர். சோதிக்க வேண்டிய பொன்னைக் கருங்கல்லில் ஒரு கோடாக இழுத்து, அதன் பக்கத்தில் உரையாணிகளை ஒவ்வொன்றாக இழுத்து, எந்தக் கோட்டின் நிறத்தோடு ஒத்துப்போகிறது என்று பார்ப்பதே மாற்றுரைத்தல். இதில் எண் எதுவும் கல்லில் எழுந்து தோன்றுவதில்லை. இரு நிறங்களுக்கிடையே உள்ள வேறுபாட்டைப் பழகிய கண் உணர்கிறது. வாய் எண்ணாகச் சொல்கிறது.

கடல் கடந்த விதை

மஞ்சாடி கடல் கடந்தும் சென்றது. தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் வந்த போர்த்துகீசியர் அதை மாங்கெலின் என்று எழுதினர். பிற ஐரோப்பியரும் அதைப் பின்பற்றினர். கோல்கொண்டா நாட்டு வயிரச் சுரங்கங்கள்வரை அந்தப் பெயர் பரவியிருந்தது. ஆனால் பெயர் ஒன்றாக இருந்தாலும் எடை ஒன்றாக இல்லை. ராவோல்கொண்டா சுரங்கத்தில் ஒரு மாங்கெலின் 1¾ காரட் என்று தவெர்னியே குறிக்கிறார். வேறிடங்களில் அது வேறாக இருந்தது. ஒரே சொல்லை நம்பி இரண்டு ஊர்களில் வணிகம் செய்தவன் ஓரிடத்தில் இழந்திருப்பான்.

மாங்கெலினோடு ஒப்பிடப்பட்ட காரட்டும் ஒரு விதையே. நடுநிலக் கடற்கரையில் வளரும் கரோப் மரத்தின் காய் கொம்புபோல் வளைந்திருக்கும். சிறுகொம்பு என்று பொருள்படும் கிரேக்கச் சொல் அதற்குப் பெயராகி, அரபியில் கீராத் என்றாகி, ஐரோப்பிய மொழிகளில் காரட் ஆயிற்று. கரோப் விதைகள் எல்லாம் ஒரே எடையுள்ளவை, அதனால்தான் எடைக்கல்லாயின என்பது நெடுங்காலம் சொல்லப்பட்டுவந்த செய்தி. 2006ஆம் ஆண்டில் வெளியான ஓர் உயிரியல் ஆய்வு, கரோப் விதைகளும் பிற விதைகளைப் போலவே எடையில் வேறுபடுகின்றன என்று நிறுவியது. ஆனால் மனிதக் கண் விதைகளைப் பார்த்துப் பொறுக்கும்போது அந்த வேறுபாடு வெகுவாகக் குறைந்துவிடுகிறது என்பதையும் அதே ஆய்வு காட்டியது. ஒரே சீராக இருந்தது விதை அன்று, பொறுக்கியவர் கண். குன்றிக்கும் மஞ்சாடிக்கும் இது பொருந்தும் என்று கொள்ளலாம்.

காரட்டும் நகரத்துக்கு நகரம் மாறியே இருந்தது. லண்டன் காரட் 205 மில்லிகிராமுக்குச் சற்று மேல். 1907இல் பாரிசில் கூடிய எடை அளவைகள் பற்றிய நான்காவது பொது மாநாடு ஒரு காரட்டை 200 மில்லிகிராம் என்று வரையறுத்தது. அமெரிக்கா 1913இலும் பிரிட்டன் 1914இலும் அதை ஏற்றன. அதன்பின் விதையின் பெயர் நின்றது, விதை மறைந்தது.

பத்தும் பன்னிரண்டும் இருபத்து நான்கும்

காரட் என்ற ஒரே சொல் மணிக்கு எடையையும் பொன்னுக்குத் தூய்மையையும் குறிப்பது பலரைக் குழப்புவது. 4ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் வெளியிட்ட சொலிடஸ் என்னும் பொற்காசு, 24 கரோப் விதை எடை கொண்டதாகக் கணக்கிடப்பட்டது. முழுக்காசை 24 பங்காக எண்ணிய அந்தப் பழக்கமே பிற்காலத்தில் தூய பொன்னை 24 காரட் என்பதற்கு அடிப்படை என்று கொள்ளப்படுகிறது. எடையாக இருந்தது விகிதமாக மாறியது.

தமிழில் இக்குழப்பம் இல்லை. எடைக்கு மஞ்சாடி, தூய்மைக்கு மாற்று என்று இரண்டு சொற்கள் தனித்தனியே நின்றன. ஆனால் தூய பொன் எத்தனை மாற்று என்பதில் இடத்துக்கு இடம் கணக்கு வேறாயிற்று. சோழமண்டலக் கரையின் டச்சு வணிகத்தைப் பற்றி 1693இல் நூல் வெளியிட்ட டேனியல் ஹாவார்ட், ஐரோப்பியர் 24 காரட் என்பதை இங்குள்ளோர் பத்து மாற்று என்று எண்ணுவதாகக் குறிக்கிறார். தமிழ் வழக்கில் நிலைத்தது பத்தரை. அக்பர் காலத்து அபுல் பசல் எழுதிய ஆயினி அக்பரியோ இந்துஸ்தானத்தில் உயர்ந்த பொன்னுக்குப் பன்னிரண்டு பங்கும் ஈரானில் பத்துப் பங்கும் கூறுகிறது. அர்த்தசாஸ்திரத்தில் பதினாறு. ஒரே பொன்னுக்கு ஐந்து எண்கள்! பொன் மாறவில்லை, அதைச் சொல்லும் உடன்பாடுதான் மாறியது.

பத்தரை மாற்றை 24 காரட்டுக்கு இணையாகக் கொண்டு கணக்கிட்டால், இன்று நகைக்கு வழங்கும் 22 காரட் பொன் 9⅝ மாற்று ஆகும். சவரன் என்று இன்று சொல்லப்படும் 8 கிராம் எடையும் பிரிட்டிஷ் பொற்காசின் நினைவே. அந்தக் காசு 22 காரட் பொன்னால் ஆனது, எடை 7.988 கிராம். கழஞ்சு போய்ச் சவரன் வந்தது. மன்னர் தலை பொறித்த காசு புழக்கத்திலிருந்து போனபின்னும் தமிழ்நாட்டுத் திருமணப் பேச்சுகளில் அதன் பெயர் நின்றுவிட்டது.

சட்டம் குறித்த மாற்று

தூய்மையின் அளவை அரசாணையால் இறக்க முயன்ற நிகழ்ச்சி ஒன்றும் அண்மை வரலாற்றில் உண்டு. 1962இன் சீனப் போருக்குப் பின் அந்நியச் செலாவணி நெருக்கடியும் தங்கக் கடத்தலும் மிகுந்திருந்த நிலையில், அன்றைய நிதியமைச்சர் மொரார்ஜி தேசாய் 1963 ஜனவரியில் தங்கக் கட்டுப்பாட்டு விதிகளை அறிவித்தார். புதிதாகச் செய்யும் நகைகள் 14 காரட்டுக்கு மேற்படக் கூடாது என்பது அவற்றுள் ஒன்று. பத்தரை மாற்றுக் கணக்கில் அது ஆறு மாற்றுக்குச் சற்று மேல்.

கணக்கில் எளிதாகத் தோன்றிய இம்மாற்றம் பட்டறையில் எளிதாக இல்லை. 22 காரட் பொன்னின் மென்மைக்குப் பழகிய சுத்தியலும் கம்பித்தட்டும் கலப்பு மிகுந்த பொன்னின் விறைப்புக்கு ஒத்துவரவில்லை. பற்றவைக்கும் முறையும் மாற வேண்டியிருந்தது. தாலியைக் குறைந்த மாற்றில் செய்துகொள்ள மக்கள் விரும்பவில்லை. நாடு முழுவதும் பொற்கொல்லர் பலர் பிழைப்பிழந்தனர். உயிரை மாய்த்துக்கொண்டோரும் உண்டு. 14 காரட் விதி சில ஆண்டுகளில் கைவிடப்பட்டது. 1968இல் வந்த தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1990இல் நீக்கப்பட்டது. அளவையை மாற்றுவது என்பது எண்ணை மாற்றுவது மட்டுமன்று. அந்த எண்ணைச் சுற்றி அமைந்த கைப்பழக்கத்தையும் மனப்பழக்கத்தையும் பிழைப்பையும் மாற்றுவது என்பதை அந்த ஆண்டுகள் உணர்த்தின.

இந்தியத் தர அமைவனம் 2000ஆம் ஆண்டில் தங்க நகைகளுக்கு ஹால்மார்க் முத்திரையை அறிமுகப்படுத்தியது. 2021 ஜூன் முதல் அது படிப்படியாகக் கட்டாயமாக்கப்பட்டது. ஆயிரத்தில் எத்தனை பங்கு தூய பொன் என்பதே இப்போதைய கணக்கு. 22 காரட்டுக்கு 916. 18 காரட்டுக்கு 750. 14 காரட்டுக்கு 585. நகை ஒவ்வொன்றுக்கும் ஆறு இடங்கள் கொண்ட தனி அடையாளக் குறி பொறிக்கப்படுகிறது. அதை வாங்குபவரே கைபேசியில் இட்டுச் சரிபார்த்துக்கொள்ளலாம். உரைகல்லின் இடத்தில் எக்ஸ்-கதிர்க் கருவி வந்துவிட்டது, அது பொன்னைத் தேய்ப்பதில்லை, மெழுகுக்கும் வேலையில்லை.

உரைத்துப் பாராத சொல்

சிலப்பதிகாரத்தின் வழக்கை இந்தப் பின்னணியில் நினைத்துப் பார்ப்பது தகும். கோவலன் விற்கக் கொண்டுவந்த சிலம்பைப் பார்த்தவன் பொன்னின் மாற்றும் மணியின் தரமும் நன்கறிந்த அரண்மனைப் பொற்கொல்லன். அறிவில் அவனுக்குக் குறையில்லை. அவன் சொல்லைப் பாண்டியன் சோதிக்காமல் ஏற்றுக்கொண்டான். ஊரறிய எடையிடவும் இல்லை. சிலம்பைத் திறந்து பார்க்கவும் இல்லை. பின்னர்க் கண்ணகி அவையில் வந்து கேட்டது அந்தச் சோதனையைத்தான். அரசியின் சிலம்பில் முத்து. தன் சிலம்பில் மாணிக்கம். உடைத்துப் பார்த்தபோது உண்மை எல்லோருக்கும் தெரிந்தது. ஆனால் சோதனை காலந்தாழ்ந்து வந்தது.

உத்தரமேரூர்ச் சபையார் அந்தக் காப்பியத்தை நினைத்துத்தான் தங்கள் விதியை வகுத்தனர் என்று சொல்வதற்கில்லை. ஆனால் காப்பியம் காட்டிய இழப்புக்கு அவர்களுடைய கல்வெட்டு விடைபோல் அமைந்திருக்கிறது. அறிந்தவன் சொல்கிறான் என்பதனாலேயே ஏற்காமல், அறிந்தவனைக் குடவோலையால் தேர்ந்தெடுத்து, ஊரார் முன்னிலையில் உரைக்கச் செய்து, கல்லில் ஒட்டிய துகளுக்கும் கணக்குக் கேட்டனர்.

மஞ்சாடியும் மாற்றும் இன்று அகராதியிலும் பேச்சு மரபிலும் மட்டுமே உள்ளன. பத்தரை மாற்று என்று ஒருவரைப் புகழும்போது, கருங்கல்லில் இழுத்த இரண்டு மஞ்சள் கோடுகளும் அவற்றை உற்றுப் பார்த்த ஒரு கண்ணும் அந்தச் சொல்லுக்குப் பின்னால் இருக்கின்றன. சோதித்து அறிந்த பின்னரே சொல்ல வேண்டிய சொல் அது. சொல்லை ஆள்வோர் அந்தக் கட்டளையை மறவாதிருந்தால், வழக்கொழிந்த ஓர் அளவை தன் கடமையை இன்னும் செய்துகொண்டிருக்கிறது என்று கொள்ளலாம்.